வீட்டு பீர் பெட்டியில் முதல் குவளை மட்டும் ஏன் நுரைக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில், ஒரு சிறிய ஐஸ்பெட்டியின் மேற்பலகையில் துளையிட்டு, டவர் எனப்படும் உட்குழிவான தூணும் அதில் பீர் ஊற்றும் டேப்பும் பொருத்தி, 19 லிட்டர் கெக் (பீர் கலன்) ஒன்றை உள்ளே வைத்திருக்கிறீர்கள். பெட்டிக்குள் கிடக்கும் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் முதல் இரண்டு குவளையிலும் பாதிக்கு மேல் நுரை. மூன்றாவதிலிருந்து ஒழுங்காக வருகிறது. டவரின் வெளிப்புறம் வியர்த்துச் சொட்டுகிறது, பெட்டியின் பக்கவாட்டுத் தகடுகள் நன்றாகச் சுடுகின்றன. கணினி விசிறி ஒன்றை உள்ளே வைத்தால் போதுமா, அல்லது பெட்டிக்குச் சக்தி போதவில்லை என்று முடிவுகட்டிப் பெரிதாக ஒன்று வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். விசிறியைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும், குளிர் உண்டாகவில்லையா, உண்டான குளிர் டேப் வரை போய்ச் சேரவில்லையா என்பதே இதில் தெரிய வேண்டியது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பெரிய பெட்டி வாங்கத் தேவையில்லை என்றே சொல்வேன். ஆனால் விசிறியை மட்டும் வாங்கி உள்ளே வைத்துவிட்டால், நம் ஊர் ஈரக்காற்றில் இப்போது சொட்டுவதைவிட அதிகமாகச் சொட்டும்.

நான் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் குளிர்பதனம் படித்துவிட்டு, உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் குளிர்பெட்டிகளையும் பீர் குழாய் அமைப்புகளையும் பழுதுபார்க்கும் வேலையிலேயே காலம் கழித்தவன். டவர், காற்று, ஈரம் ஆகியவை பற்றிக் கீழே சொல்பவை உறுதியானவை. பெட்டியின் தயாரிப்பு எதுவாக இருந்தாலும் மாறாதவை. உங்கள் பெட்டியில் கண்டென்சர் (வெப்பத்தை வெளியே விடும் குழாய்கள்) எங்கே இருக்கிறது, வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பவற்றை நேரில் பார்க்காமல் ஊகமாகத்தான் சொல்ல முடியும். அந்த இடங்களில் நீங்களே சோதித்துக்கொள்ளும் வழியையும் சேர்த்திருக்கிறேன்.

முதல் குவளைகள் மட்டும் நுரைத்து, பிறகு சரியாகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. கெக்குக்குள் இருக்கும் பீர் குளிர்ந்துதான் இருக்கிறது; இல்லாவிட்டால் மூன்றாவது குவளையும் நுரைத்திருக்கும். குளிராதது டவருக்குள் நிற்கும் குழாயும் டேப்பின் உலோகமும் மட்டுமே. வீட்டு அமைப்புகளில் வழக்கமாகப் போடும் 4.8 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிலிட்டர் பீர் நிற்கும். டவருக்குள் இருக்கும் 60 சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் 11 மில்லிலிட்டர் வருகிறது. ஒரு குவளையையே கெடுக்க இவ்வளவு சிறிய அளவு போதுமா என்று தோன்றலாம். அந்த 11 மில்லிலிட்டரோடு கதை முடிவதில்லை. அறையின் 30 டிகிரிக்கு ஏறியிருக்கும் பித்தளை ஷாங்க்கும் (டேப்பை டவரோடு இணைக்கும் தண்டு) டேப்பின் உடலும், பின்னால் வரும் குளிர்ந்த பீரையும் தொட்டுச் சூடாக்குகின்றன. பீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு கரைந்தபடி இருக்காது, குமிழியாகப் பிரிகிறது. அப்படிப் பிரிந்த ஒவ்வொரு குமிழியும் பின்னால் வரும் பீரிலிருந்து மேலும் வாயுவை இழுத்துக்கொள்ளும். இரண்டு குவளை ஓடி உலோகம் குளிர்ந்த பிறகுதான் இது அடங்குகிறது. அரை மணி நேரம் கழித்துத் திரும்ப ஊற்றினால் மறுபடியும் நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, கோளாறு டவரில்தான்.

இதை அளந்தும் பார்த்துவிடலாம். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று போதும். இரவு முழுவதும் டேப்பைத் தொடாமல் விட்டுவிட்டு, மறுநாள் முதல் குவளையின் வெப்பநிலையையும் உடனே அடுத்தடுத்து ஊற்றிய மூன்றாவது குவளையின் வெப்பநிலையையும் எடுங்கள். இரண்டுக்கும் இடையே நாலைந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டவருக்குக் காற்று தேவை. வித்தியாசம் சொற்பமாக இருந்து எல்லாக் குவளையும் நுரைத்தால் அது வேறு நோய்: சிலிண்டரிலிருந்து வந்து பீரைத் தள்ளும் கரியமில வாயுவின் அழுத்தம் கூடியிருக்கலாம், அல்லது பீர் குழாய் நீளம் போதாமல் இருக்கலாம். 0.8 பார் அழுத்தத்தில் ஊற்றும் அமைப்புக்கு அந்த விட்டத்தில் சுமார் 3 மீட்டர் குழாய் வேண்டும். ஒன்றரை மீட்டரில் முடித்திருந்தால் எவ்வளவு குளிர்ந்தாலும் பீர் சீறிக்கொண்டுதான் வரும். அதற்கு விசிறி மருந்தாகாது.

பெட்டிக்குள் 3 டிகிரி என்று நீங்கள் சொல்வதையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. தெர்மாமீட்டர் எந்த உயரத்தில் கிடந்தது? இந்த மாதிரிச் சிறு பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் உள்விசிறி கிடையாது. பின்சுவரில் இருக்கும் குளிர்த்தகட்டைத் தொட்ட காற்று கனத்துக் கீழே இறங்கித் தரையில் தேங்கி நிற்கும். கீழே 2 டிகிரி, மேலே 7 டிகிரி என்று அடுக்கு பிரிவது சாதாரணமாகக் காணக்கூடியது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் பீர் குழாயைச் சுருட்டி வைப்பது கெக்கின் தலைமேல், அதாவது பெட்டியிலேயே சூடான இடத்தில். குழாய்ச் சுருளை உற்றுப் பாருங்கள். சில மணி நேரம் ஊற்றாமல் விட்ட பிறகு குழாய்க்குள் ஆங்காங்கே வாயு இடைவெளிகள் தெரிந்தால், பீர் குழாயில் நிற்கும்போதே வாயுவைக் கக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுருளைக் கீழே, கெக்கின் பக்கவாட்டில் இறக்கி வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. முதலில் அதைச் செய்யுங்கள். கெக்கைப் பின்சுவர்த் தகட்டில் ஒட்டவைக்காதீர்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் காற்று இறங்க வழி கிடைக்கும், ஒட்டிய பக்கத்தில் பீர் உறைவதும் நேராது.

அடுத்தது விசிறி. இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்ப வேண்டாம். பெட்டிக்குள் காற்றைக் கலக்குவது ஒரு வேலை. அதற்கு நீங்கள் சொல்லும் கணினி விசிறி போதும். கெக் குளிரும் நேரமும் அதனால் குறையும். அறை வெப்பத்தில் இருக்கும் 19 லிட்டரை 3 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2,000 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். காற்று அசையாத பெட்டியில் இதற்கு ஒரு நாளும் அதற்கு மேலும் ஆகும், விசிறி ஓடினால் கணிசமாகச் சீக்கிரம் முடியும். டவருக்குள் காற்றை ஏற்றுவது மற்றொரு வேலை. ஒடுக்கமான குழாய்க்குள் காற்றைத் தள்ளுவதற்குக் கணினி விசிறி ஏற்றதல்ல. அது நிறையக் காற்றை நகர்த்துமே தவிர, எதிர்ப்பு வந்தால் சுழன்றுகொண்டே சும்மா நிற்கும். பக்கவாட்டில் வாய் வைத்த ப்ளோவர் விசிறிதான் இதற்கு வேண்டும். 12 வோல்ட்டில் ஓடுகிற, உள்ளங்கை அளவுள்ள ஒன்று. சிம் லிம் டவரில் மின்னணு உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். அது தின்னும் மின்சாரம் இரண்டு மூன்று வாட்தான். அந்த வெப்பமும் பெட்டிக்குள்ளேயேதான் சேரும் என்றாலும், கம்ப்ரஸருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

ப்ளோவரைப் பெட்டியின் கீழ்ப்பகுதியில், குளிர்த்தகட்டுக்கு அருகே வையுங்கள். உறிஞ்சுவது மிகக் குளிர்ந்த காற்றாக இருக்க வேண்டும். அதன் வாயிலிருந்து 20 அல்லது 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையும் குழாய் ஒன்றை மேலே கொண்டுபோய், டவருக்குள் பீர் குழாயின் பக்கமாக ஏற்றி, டேப்பின் ஷாங்க்குக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். பலர் செய்துவைத்திருப்பதுபோல் டவரின் அடிவாயில் நின்று ஊதினால் காற்று மேலே போகாது. அடியிலிருந்தே பெட்டிக்குள் திரும்பிவிடும். ஏறிய காற்று திரும்பி இறங்குவதற்கு, ஏறும் குழாயைச் சுற்றிக் குறைந்தது அதே அளவு இடைவெளி வேண்டும். மேற்பலகையில் நீங்கள் இட்ட துளை பீர் குழாய் நுழைகிற அளவுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், அதை டவரின் உள்விட்டம் வரை பெரிதாக்காமல் இந்த வேலை நடக்காது. டேப்பின் உலோகம் 3 டிகிரிக்கு வர வேண்டிய அவசியமில்லை. ஆறேழு டிகிரிக்கு வந்தாலே முதல் குவளை குடிக்கும்படி வரும்.

விசிறியை ஓடவிட்ட அன்றே தெர்மோஸ்டாட்டைத் திருகாதீர்கள். இத்தகைய பெட்டிகளில் தெர்மோஸ்டாட்டின் உணர்முனை காற்றின் வெப்பத்தை அளப்பதில்லை, குளிர்த்தகட்டிலேயே கவ்வப்பட்டிருக்கும். விசிறி காற்றைத் தகட்டின்மேல் ஓட்டும்போது தகடு முன்பைவிடச் சூடாகவே இருக்கும், அதனால் கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடும், பெட்டியும் முன்பு இருந்த எண்ணிலேயே முன்பைவிட அதிகம் குளிரும். 24 மணி நேரம் கழித்து, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தெர்மாமீட்டரை மூழ்கவைத்து அளந்த பிறகே கைவையுங்கள். வெளியே பொருத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் உணர்முனையைக் கெக்கின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு இன்சுலேஷன் வைத்து மூட வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் கிளம்பும். கம்ப்ரஸர் நின்ற பிறகு மீண்டும் கிளம்பக் குறைந்தது மூன்று நிமிடத் தாமதம் வைப்பதும் நல்லது.

இனி வருவதுதான் சிங்கப்பூர்க்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. குளிர்நாட்டுக்காரர்கள் இதைப் பற்றி எழுதும்போது விசிறியோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களுக்கு அது போதும். நம் ஊரில் 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும் ஒரு சாதாரண மாலையில், காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 25 டிகிரி. அதாவது, 25 டிகிரிக்குக் கீழே போகிற எந்தப் பரப்பும் வியர்க்கும். காப்பிக்கடையில் தே ஓ பெங் குவளையின் அடியில் குளம் கட்டுவதும் உங்கள் டவர் சொட்டுவதும் ஒரே சமாச்சாரம்தான். டவரை இன்னும் குளிர்விக்கப் போகிறோம் என்றால் அது இன்னும் வியர்க்கும். ஆகவே டவரின் உள்சுவருக்கு இன்சுலேஷன் போடாமல் ப்ளோவரை ஓட்டாதீர்கள். ஏர்கான் செப்புக் குழாய்களுக்குப் போடும் கறுப்பு நிறப் பஞ்சுக் குழாயே இதற்கு ஏற்றது. ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். டவரின் உள்விட்டம் 75 மில்லிமீட்டர் என்றால் 13 மில்லிமீட்டர் தடிப்பு போட்டாலும் காற்று ஏறி இறங்க இடம் இருக்கும். மூடியின் உட்புறத்துக்கும் வட்டமாக ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். டேப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகம் என்பதால் அது மட்டும் வியர்க்கத்தான் செய்யும். அதற்குக் கீழே ஒரு தட்டு வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வியர்வையைவிடப் பெரிய தொல்லை கசிவு. விசிறி இல்லாதவரை, டவர் மூடியிலோ அடித்தளத்திலோ ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. ப்ளோவர் ஓட ஆரம்பித்ததும் டவருக்குள் அழுத்தம் சற்றே கூடுகிறது. மேலே இருக்கும் இடைவெளி வழியாகக் குளிர்ந்த காற்று வெளியேறும்; அதற்கு ஈடாக, வாயுக் குழாய் நுழையும் துளை வழியாகவோ கதவு ரப்பர் வழியாகவோ ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்த ஈரம் முழுவதும் குளிர்த்தகட்டில் பனியாகக் கட்டும். பனி தடித்தால் தகடு காற்றிலிருந்து வெப்பத்தை எடுப்பது குறைந்து, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், பெட்டியின் தரையில் தண்ணீர் நிற்கும். "விசிறி வைத்த பிறகு குளிரே குறைந்துவிட்டது" என்று சொல்லி அழைக்கும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது டவர் மூடியைத்தான். மூடியின் விளிம்பில் ஒரு மெல்லிய திசுத்தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் அசைந்தால் கசிவு இருக்கிறது. டவரின் அடியில் ரப்பர் வளையமும், வாயுக் குழாயும் விசிறியின் மின்கம்பியும் நுழையும் துளையைச் சுற்றி சிலிகானும் வைத்து அடையுங்கள். மின்கம்பியைக் கதவு ரப்பருக்கு இடையில் நசுக்கிக் கொண்டுபோகும் பழக்கம் வேண்டாம்.

பக்கங்கள் சுடுவதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் அது கோளாறு அல்ல. பல சிறு பெட்டிகளில் கண்டென்சர் குழாய்கள் பக்கவாட்டுத் தகடுகளுக்கு உட்புறமாகவே ஒட்டப்பட்டிருக்கும். பீரிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியேற்றும் இடமே அதுதான் என்பதால் சுடுவது இயல்பு. கெக் குளிர்ந்து முடிந்த பிறகும், இரவு வேளையிலும், கம்ப்ரஸர் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஓடினால் வெப்பம் வெளியேற வழியில்லை என்று கொள்ளலாம். நம் வீடுகளில் இதற்கு முதல் காரணம் தச்சுவேலை. சமையலறை அலமாரிக்குள் அழகாகப் பொருந்தும்படி பெட்டியைச் செருகிவிடுவோம். வெப்பம் அலமாரிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பக்கங்களிலும் பின்னாலும் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை விட்டு, கீழே முன்புறம் ஒரு திறப்பும் மேலே பின்புறம் ஒரு திறப்பும் வையுங்கள். அலமாரிக்குள் வைக்கும் பெட்டிகளுக்கு 200 சதுர சென்டிமீட்டர் திறப்பு என்பது கையேடுகளில் அடிக்கடி காணப்படும் அளவு. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் காற்று நகராது. பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் தட்பவெப்ப வகை என்று ஓர் எழுத்து இருக்கும், அதையும் பாருங்கள். N என்றால் 32 டிகிரி வரையும், ST என்றால் 38 வரையும், T என்றால் 43 வரையும் சூழல் வெப்பத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. மேற்கு வெயில் விழும் துணி காயப்போடும் இடத்தில் N வகைப் பெட்டியை வைத்துவிட்டு அதன்மீது குறைசொல்வது நியாயமாகாது.

துளை போடுவதில் இன்னும் ஓர் எச்சரிக்கை. பக்கங்கள் சுடுகின்றன என்றால் அங்கே குழாய் ஓடுகிறது. அந்தப் பக்கம் துரப்பணக் கருவியைக் கொண்டுபோகவே கூடாது. 2022 அக்டோபர் முதல் சிங்கப்பூரில் விற்பனைக்கு வரும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளில் புவிவெப்பமாக்கும் திறன் (கரியமில வாயுவை 1 என்று வைத்து அளப்பது) 15க்கு மேற்பட்ட வாயுக்களுக்கு இடமில்லை என்பதால், புதிய பெட்டி என்றால் உள்ளே இருப்பது அநேகமாக R600a, அதாவது ஐசோபியூட்டேன். அளவு குறைவுதான், ஆனால் தீப்பற்றக்கூடியது. வாயுக் குழாய்க்குத் துளை வேண்டுமென்றால், கம்ப்ரஸர் ஓடும்போது கையால் தடவிச் சூடில்லாத இடத்தைக் கண்டுபிடித்து, வெளித்தகட்டை மட்டும் சிறிதாக வெட்டி எடுத்து, உள்ளேயுள்ள நுரையை விரலாலேயே தோண்டிப் பார்த்த பிறகு மறுபுறத்தைத் துளையுங்கள். விசிறிக்கான 12 வோல்ட் அடாப்டரைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். பாதுகாப்பு முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இடமில்லை என்பதால் இந்தப் பெட்டியை வீட்டுப் பதுங்கறைக்குள் (அவசரகாலப் பாதுகாப்புக்காக வீட்டிலேயே கட்டப்பட்ட சிற்றறை) வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள். கதவு மூடிய அந்தச் சிற்றறையில் கண்டென்சரின் வெப்பம் போக இடமில்லை என்பது சிறிய காரணம். பெரிய காரணம் கரியமில வாயு. 2.3 கிலோ சிலிண்டர் ஒன்று முழுவதும் கசிந்தால் 1.2 கன மீட்டருக்கும் மேல் வாயு வெளிவரும். இரண்டு சதுர மீட்டர் தளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அறை என்று வைத்துக்கொண்டால் மொத்தக் கொள்ளளவே 5 கன மீட்டர்தான். காற்றில் 4 விழுக்காடு கரியமில வாயுவே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. வாசனையும் இல்லாததால், அரிசி எடுக்க உள்ளே போனவருக்கு எதுவும் தெரியாது. கூடமோ சன்னல் உள்ள சமையலறையோ போதும். சிலிண்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாம் செய்து முடித்து முதல் குவளை சரியாக வரத் தொடங்கியபின், ஒரு வாரம் போல் கழித்து நுரை திரும்ப வந்தால், விசிறியைச் சந்தேகிக்காமல், வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள். கெக்கின் மேற்பாதி 6 டிகிரியில் இருந்த காலத்தில் 1 பார் வைத்திருந்தீர்கள் என்றால் பீரில் அதன் கொள்ளளவைப்போல் இரண்டரை மடங்கு வாயு கரைந்திருக்கும். அது பெரும்பாலான பீர்களுக்குச் சரியான அளவு. காற்று கலந்து பீர் முழுவதும் 3 டிகிரிக்கு வந்த பிறகும் அதே 1 பார் இருந்தால், குளிர்ந்த பீர் மெல்ல மெல்ல மேலும் வாயுவைக் குடித்து 2.8 மடங்குக்குப் போய்விடும். அழுத்தத்தை 0.8 பாருக்கு இறக்குங்கள். ஏற்கெனவே கூடுதலாகக் கரைந்துவிட்டது என்றால் வாயுவை மூடி, கெக்கின் விடுவிப்பு வால்வைச் சில மணிக்கொரு தடவை திறந்து ஒரு நாள் விட்டு, பிறகு புதிய அழுத்தத்தைக் கொடுங்கள்.